கோடை நிலமும் நோயாளியின் படுக்கையும்: டேவிட் ஹாக்னியின் யார்க்ஷயர் ஓவியங்கள் குறித்து ஓர் இறையியல் நோக்கு

இறையியல் வகுப்புகளில் ஓவியக் கலையைப் பற்றிப் பேச்செழும்போது பெரும்பாலும் நம் நினைவுக்கு வருபவை துன்பத்தின் ஓவியங்களே. கார்ல் பார்த் தம் எழுத்து மேசைக்கு மேலே வைத்திருந்த க்ரூனவால்டின் சிலுவைக் காட்சியை நாம் அறிவோம். பிக்காசோ 1937இல் தீட்டிய 'கெர்னிக்கா'வைப் பால் டில்லிக் புரொட்டஸ்டண்டு உணர்வின் தலைசிறந்த ஓவியமாகப் போற்றியதையும் அறிவோம். உடைந்த உலகைக் காட்டும் ஓவியமே உண்மை பேசுகிறது, விளைந்த வயலையும் தழைத்த மரத்தையும் காட்டும் ஓவியம் வரவேற்பறைச் சுவரை அழகுபடுத்துவதோடு நின்றுவிடுகிறது என்பது நம்மிடையே சொல்லாமலே ஏற்கப்பட்டுள்ள ஒரு முடிபு எனலாம்.

இம்முடிபு எவ்வளவு தூரம் நிலைபெறும் என்பதை ஒரே ஓவியரின் படைப்புகளைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் 1937இல் பிறந்த டேவிட் ஹாக்னி. 1964இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, நீச்சற்குளங்களையும் வெயிலையும் தீட்டிப் புகழ்பெற்ற இவர், தமது அறுபதாம் வயதில் பிறந்த மண்ணாகிய யார்க்ஷயரின் கோடை நிலங்களுக்குத் திரும்பினார். இவருடைய தாய் லாரா உறுதியான மெதடிஸ்டு கிறிஸ்தவர். எனினும் இவ்வோவியங்களை நாம் கிறிஸ்தவ ஓவியங்கள் என்று அழைக்கப்போவதில்லை. அவர் அவ்வாறு உரிமை பாராட்டவில்லை. பிறர் கைவினையைத் தன் பெயரில் ஞானஸ்நானம் செய்து எடுத்துக்கொள்வது திருச்சபைக்கு அழகன்று. நம் கேள்வி வேறு. மரணம் அருகில் இருக்கையில் மகிழ்ச்சியான ஓவியம் ஒன்று உண்மையாயிருக்க முடியுமா என்பதே அது.

1. மனப்பதிவியலும் அதன்மேல் எழுந்த குற்றச்சாட்டும்

1874ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சில ஓவியர்கள், அரசின் ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சிக்குப் புறம்பே தாங்களாகவே ஒரு கண்காட்சி நடத்தினர். அதில் இடம்பெற்ற கிளாட் மோனேயின் துறைமுகக் காட்சியொன்றின் தலைப்பைப் பற்றி ஏளனமாகப் பேசப்பட்டதிலிருந்து பிறந்ததே இம்பிரெஷனிசம் என்னும் பெயர். தமிழில் இதனை மனப்பதிவியல் என்கிறோம். இவ்வோவியர்கள் அறைக்குள் அமர்ந்து நிலத்தைக் கற்பனை செய்யாமல், வெளியே சென்று கண்முன் உள்ளதைத் தீட்டினர். 1841இல் ஜான் கோஃப் ராண்டு காப்புரிமை பெற்ற உலோகக் குழாய், எண்ணெய் வண்ணத்தைப் பையில் எடுத்துச் செல்ல வழி செய்திருந்தது. நிழல் கறுப்பன்று, அதில் நீலமும் ஊதாவும் உண்டு என்று அவர்கள் கண்டனர். ஒரே பொருள் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருப்பதைக் கண்ட மோனே, 1890-91இல் தம் வீட்டருகே இருந்த தானியப் போர்களைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்; அவற்றுள் 15 ஓவியங்கள் 1891இல் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இவ்வியக்கத்தின்மேல் இறையியல் நோக்கில் கடுமையான குற்றச்சாட்டைச் சுமத்தியவர் டில்லிக். 1920களில் தம் காலத்துச் சமய நிலைமையை ஆராய்ந்து எழுதிய நூலில், மனப்பதிவியலைத் தன்னில்தானே நிறைவு காணும் முடிவுள்ள உலகின் கலையாக அவர் கணித்தார். வசதியுள்ள நடுத்தர வர்க்கத்தார், தங்களுக்கு அப்பாலுள்ள எதையும் நோக்காமல், தங்கள் உலகின் மேற்பரப்பையே கண்டு களித்தனர். அக்களிப்பின் வடிவமே இவ்வோவியங்கள் என்பது அவருடைய கருத்தின் சாரம். முதல் உலகப்போரில் படைக்குருவாகப் பணியாற்றி, நூற்றுக்கணக்கான இளைஞரின் சாவுக்கிடையே வாழ்ந்த ஒருவர் இவ்வாறு எழுதியதில் வியப்பில்லை. இக்குற்றச்சாட்டை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது.

ஆயினும் சீர்திருத்த மரபில் மற்றொரு குரலும் உண்டு. திருச்சபைகளிலிருந்து உருவங்களை அகற்றியவர் என்றே பலரும் நினைக்கும் ஜான் கால்வின், தம் 'கிறிஸ்தவ சமயப் போதனைகள்' நூலில் ஓவியக் கலையைக் கடவுளின் கொடை என்கிறார். கண்ணுக்கு எட்டாத கடவுளை வரையலாகாது. கண்ணால் காணக்கூடியவற்றை வரையலாம் என்பது அவர் வகுத்த எல்லை. படைப்பு முழுவதையும் கடவுளின் மாட்சி விளங்கும் அரங்கமாகவும் அவர் கண்டார். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் நிலக்காட்சி ஓவியம் செழித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கோயிலில் வேண்டாமென்று விலக்கிய ஓவியத்தை வீட்டில் வயலாகவும் வானமாகவும் வரவேற்றது அவற்றுள் ஒன்று. ஆகவே வயலை வரைவது நம் மரபுக்கு அந்நியமானதன்று. எவ்வாறு பார்த்து வரைவது என்பதே வினா.

2. 1997ஆம் ஆண்டுக் கோடை

பிராட்போர்டுக்கு அருகில் சால்ட்டேர் என்றொரு ஊர் உண்டு. டைட்டஸ் சால்ட் என்னும் ஆலை முதலாளி, 1853இல் கம்பளி ஆலையொன்றைத் திறந்து, தொழிலாளருக்கென வீடுகளையும் காங்கிரிகேஷனல் சபைக்கு ஓர் ஆலயத்தையும் கட்டி எழுப்பிய ஊர் அது. ஆலை மூடப்பட்ட பின்பு 1987இல் அதனை வாங்கி, ஹாக்னியின் ஓவியங்களுக்கு அங்கே கூடம் அமைத்தவர் அவருடைய நண்பர் ஜானதன் சில்வர். 1997இல் சில்வர் புற்றுநோயால் சாகும் தறுவாயில் இருந்தார். அக்கோடையில் ஹாக்னி அமெரிக்காவிலிருந்து வந்து, பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊரில் தம் தாய் வாழ்ந்த வீட்டில் தங்கினார். அங்கிருந்து வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணக் குன்றுகளைக் கடந்து வெதர்பிக்குக் காரோட்டிச் சென்று நண்பரைக் கண்டு வருவது அவருடைய வாடிக்கையாயிற்று. யார்க்ஷயரை வரையும்படி அவரை நெடுநாளாகத் தூண்டி வந்தவரும் சில்வரே.

அப்பயணங்களிலிருந்து பிறந்தவையே 'ஸ்லெட்மியர் வழியே யார்க்குக்குச் செல்லும் சாலை', 'வோல்ட்ஸ் குன்றுகளின் குறுக்கே செல்லும் சாலை' முதலிய ஓவியங்கள். செப்டம்பர் மாதம் சில்வர் காலமானார். மறு ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து நினைவைக் கொண்டே 'கேரபி குன்று' என்னும் ஓவியத்தை ஹாக்னி தீட்டினார். அது இப்போது பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வோவியங்களைப் பார்ப்போர் முதலில் காண்பது மகிழ்ச்சியையே. மஞ்சளும் பச்சையும் செம்மண் நிறமுமாக வயல்கள் ஒட்டுத்துணிபோல் விரிந்து கிடக்கின்றன. ஊதா நிறச் சாலை குன்றின்மேல் ஏறி, வளைந்து, மறைந்து, மீண்டும் தோன்றித் தொலைவிலுள்ள சமவெளிக்குள் இறங்குகிறது. கோடை என்றதும் வறண்ட கண்மாயையும் அனல் காற்றையும் நினைக்கும் நாம், அந்நாட்டுக் கோடை வேறு என்பதை மறத்தலாகாது. நீண்ட குளிரும் இருளும் கழிந்தபின் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிலைக்கும் காலம் அது; பயிர் முற்றும் காலம்; அம்மக்கள் ஆண்டு முழுதும் காத்திருக்கும் காலம். அவ்வொளி இவ்வோவியங்களில் குறைவின்றிப் பொழிகிறது. நோயாளியின் படுக்கையோ கண்ணீரோ எங்கும் இல்லை.

இங்கேதான் டில்லிக்கின் குற்றச்சாட்டு முழு வலிமையோடு எழுகிறது. நண்பர் சாகக் கிடக்கையில் வயலின் மஞ்சளைப் பற்றிக் கவலைப்பட்டவர் மேற்பரப்பில் மயங்கியவர் அல்லரோ? மனப்பதிவியலின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்னிகழ்ச்சி உண்டு. 1879இல் மோனே தம் மனைவி கமீல் இறந்து கிடந்தபோது அம்முகத்தைத் தீட்டினார். அம்முகத்தில் மாறிவந்த நிறங்களைத் தம் கண் தன்னிச்சையாகக் கணக்கெடுத்துக் கொண்டிருந்ததை உணர்ந்து தாம் திடுக்கிட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் நண்பரிடம் கூறினார். பார்க்கப் பழகிய கண், அன்பின் முன்னும் சாவின் முன்னும்கூட ஓய்வதில்லை. இது கொடுமையா, அல்லது ஒருவகை உண்மையா?

3. சாலையும் பிரிவும்

இவ்வினாவுக்கு விடை காண நம்மிடமே ஒரு கருவி உள்ளது. தமிழ் இலக்கணத்தார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள் என்றனர். இவற்றினூடே வெளிப்படும் மனித ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றனர். நிலம் ஒருபோதும் வெறும் நிலமாக நிற்பதில்லை. அது ஓர் உள்ளத்து நிலையைத் தாங்கி நிற்கிறது. இவற்றுள் பாலைத் திணைக்கு உரிய பெரும்பொழுதுகளுள் வேனில் தலைமையானது. அதன் கருப்பொருள் உலகில் முதன்மையாக நம் கண்முன் நிற்பது வழி. அதன் உரிப்பொருள் பிரிவு.

கோடை, சாலை, பிரிவு ஆகிய மூன்றும் ஹாக்னியின் 1997ஆம் ஆண்டு ஓவியங்களில் ஒருங்கே உள்ளன. யார்க்ஷயர் குன்றுகள் வறண்ட பாலை அல்ல; ஹாக்னி நம் அகப்பாடல்களை எண்ணி வரைந்தவரும் அல்லர். ஆயினும் அவ்விலக்கணம் பயின்ற கண்ணுக்கு இவ்வோவியங்களில் ஒன்று புலப்படுகிறது: இவற்றின் உரிப்பொருள் மறைந்துள்ளதேயன்றி இல்லாமற்போகவில்லை. சாலை ஏன் ஒவ்வோர் ஓவியத்திலும் நடுவிடத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது? அது ஏன் நேரே செல்லாமல், ஒவ்வொரு வளைவிலும் சற்றே தாமதிப்பதுபோல் சுற்றிச் செல்கிறது? அச்சாலையின் முடிவில் காத்திருப்பது என்ன என்பதை அறிந்தவரே அதனை வரைந்தார்.

ஒரு வேற்றுமையும் நோக்கத்தக்கது. பாலைப் பாடல்களில் வழிநடப்பவன் பிரிந்து செல்பவன். பின்தங்குபவள் வீட்டில் இருப்பாள். இங்கோ பிரிந்து செல்பவர் படுக்கையில் அசைவற்றுக் கிடக்கிறார், வழிநடப்பவரே பின்தங்கப்போகிறவர். நாள்தோறும் நோயாளியின் வீட்டுக்கும் திரும்பித் தம் வீட்டுக்கும் செல்லும் அருட்பணியாளருக்கு இந்நிலை நன்கு தெரியும். சாவு நெருங்கிய ஒருவரைக் காணச் செல்கையில் உலகம் மங்கித் தோன்றும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. மரங்கள் வழக்கத்தைவிடக் கூர்மையாகத் தெரிகின்றன. பொருள்கள் தங்கள் நிறத்தோடு நம்மை வந்து தாக்குகின்றன. இழக்கப்போகிறோம் என்னும் அறிவு கண்ணைத் திறக்கிறது. ஹாக்னியின் மஞ்சளும் ஊதாவும் மிகையானவை என்று கூறுவோர், அவை எத்தகைய கண்ணால் காணப்பட்டவை என்பதைக் கருதவேண்டும். இவ்வோவியங்களின் மகிழ்ச்சி துக்கத்தை மறந்ததால் வந்ததன்று. துக்கத்தின் அருகே நின்று பெறப்பட்டது. ஆகவே தன்னில்தானே நிறைவு காணும் கலை என்னும் தீர்ப்பு இவற்றுக்குப் பொருந்தாது என்பதே நம் முடிபு.

4. மீண்டும் அதே இடத்துக்கு

1999இல் ஹாக்னியின் தாயும் காலமானார். 2004 முதல் அவர் பிரிட்லிங்டனில் நீண்ட காலம் தங்கி வேலை செய்யத் தொடங்கினார். அவ்வாண்டுக் கோடையின் 36 நீர்வண்ண ஓவியங்கள் ஒரே தொகுதியாக அமைந்தன. அடுத்த ஆண்டு முதல் எண்ணெய் வண்ணத்தோடு வெளியே சென்று, கண்முன் நிற்பதைத் தீட்டும் பழைய மனப்பதிவியலாரின் முறையைக் கையாண்டார். நினைவிலிருந்து வரைந்த 1997ஆம் ஆண்டு முறைக்கு இது மாறானது.

2006இல் அவர் தீட்டிய 'வோல்ட்கேட் காடு' வரிசை இக்காலத்தின் சிறந்த படைப்பு எனலாம். ஒவ்வொன்றும் ஆறு திரைகளால் ஆனது. திரை ஒவ்வொன்றும் 36 அங்குல உயரமும் 48 அங்குல அகலமும் உடையது. மேலே மூன்றும் கீழே மூன்றுமாகச் சேர்க்கையில் ஆறடி உயரமும் பன்னிரண்டடி அகலமும் பெறுகின்றன. காற்றடிக்கும் வெளியில் இத்தனை பெரிய ஒற்றைத் திரையை நிறுத்தி வேலை செய்வது அரிது. ஆறாகப் பிரித்தால் வண்டியில் ஏற்றிச் செல்லலாம். இந்நடைமுறைத் தேவையிலிருந்து ஓர் ஆழ்ந்த பயனும் விளைந்தது. நிழற்படக் கருவி அசையாத ஒற்றைக் கண்ணால் உலகைப் பார்க்கிறது என்றும், மனிதர் அவ்வாறு பார்ப்பதில்லை என்றும் ஹாக்னி 1980களிலிருந்தே வாதிட்டு வந்தவர். ஆறு திரைகளில் நம் கண் ஓரிடத்தில் நிலைகொள்ள முடிவதில்லை. ஒரு திரையில் நிமிர்ந்து நோக்குகிறோம். அடுத்ததில் காலடியை நோக்குகிறோம். ஒரு மேட்டில் நின்று முழு நிலத்தையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவரும் உடைமையாளனின் பார்வை இதுவன்று. காட்டுக்குள் நிற்கும் ஒருவனின் பார்வை.

இவ்வோவியங்களின் தலைப்புகளில் ஓவியர் நாட்களைக் குறித்துள்ளார். ஒன்று ஜூலை 26, 27, 30ஆம் நாட்களுக்கு உரியது. அதே மரங்களை நவம்பரிலும் டிசம்பரிலும் இலையுதிர்ந்த நிலையில் காண்கிறோம். 'திக்சன்டேலுக்கு அருகே மூன்று மரங்கள்' என்னும் வரிசையிலும், எட்டுத் திரைகள் கொண்ட நான்கு ஓவியங்களில், 2007, 2008 ஆண்டுகளின் நான்கு பருவங்களும் அம்மூன்று மரங்களின்மேல் கடந்து செல்கின்றன. மோனே தானியப் போரின்மேல் கடந்த மணி நேரங்களைத் தீட்டினார். ஹாக்னி மரத்தின்மேல் கடந்த மாதங்களைத் தீட்டினார். பருவத்தின் சுழற்சியை வாக்குறுதியாகக் கேட்ட ஒரு மக்களை நாம் ஆதியாகமம் எட்டாம் அதிகாரத்தின் முடிவில் சந்திக்கிறோம். வெள்ளம் வடிந்தபின் விதைப்பும் அறுப்பும், குளிரும் வெப்பமும் இனி ஓயாது என்று கடவுள் உறுதி கூறுகிறார். அழிவின் பின்னணியில் கூறப்பட்டதாலேயே அவ்வுறுதி ஆறுதலாகிறது. இரு மரணங்களுக்குப் பின் அதே சாலைக்குத் திரும்பி, மரம் மீண்டும் தழைத்ததா என்று பார்க்கும் ஓவியரின் பிடிவாதத்தில் அவ்வாறுதலைத் தேடும் மனித உள்ளம் தெரிகிறது.

ஆனால் இயற்கையின் சுழற்சியே மீட்பு ஆகாது. இதற்கும் ஓவியரின் படைப்பே சான்று. வார்ட்டர் என்னும் ஊரருகே அவர் 50 திரைகளில் 40 அடி அகலத்துக்குத் தீட்டி டேட் அருங்காட்சியகத்துக்கு 2008இல் கொடையளித்த பெரும் ஓவியத்தை அறிந்தோர் பலர். அவ்வூர்ப்புறத்து மரங்கள் பின்னர் வெட்டப்பட்டன. மரம் வெட்டப்பட்ட நிலத்தை அவர் 2009இல் 15 திரைகள் கொண்ட ஓர் ஓவியமாக்கினார். வழியோரம் அடுக்கிய மஞ்சட்கட்டைகளும் தனித்து நிற்கும் ஊதா நிற அடிமரமும் அதில் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன. பருவங்கள் திரும்புகின்றன, வெட்டுண்ட மரம் திரும்புவதில்லை. படைப்பு முழுவதும் பெருமூச்செறிவதாகப் பவுல் ரோமர் எட்டாம் அதிகாரத்தில் கூறுவதற்கு இடம் இங்கே உண்டு.

இவ்விடத்தில் குறையொன்றையும் கூறியாகவேண்டும். கோடை வரைவதற்கு எளிதான பருவமன்று. குளிர்காலத்தில் மரத்தின் எலும்புக்கூடு தெரியும். கிளைக்குக் கிளை வேறுபாடு காட்டலாம். கோடையிலோ எங்கும் பச்சைத் திரள். ஒளியின் நுண்ணிய வேறுபாட்டைக்கொண்டே வடிவம் காட்டவேண்டும். ஹாக்னியின் கோடை ஓவியங்கள் சிலவற்றில் இலைத்திரள் ஒரே மாதிரியான புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சுருங்கிவிடுகிறது; கை விரைகிறது, கண் பின்தங்குகிறது. 2012இல் இலண்டன் ராயல் அகாடமியில் நடைபெற்ற பெருங்கண்காட்சியை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர், விமர்சகர்களோ ஒருமனப்படவில்லை. 'பெரிய' என்னும் சொல் அவருடைய தலைப்புகளில் அடிக்கடி வருகிறது. அளவின் பெருமை ஆழத்துக்கு ஈடாகாது. 1997இல் ஒற்றைத் திரையில் ஒரு சாலை சொன்னதை, பிற்காலத்தில் முப்பது திரைகள் எப்போதும் சொல்லிவிடவில்லை.

5. வயலில் ஆளில்லை

இன்னும் கடுமையான வினா ஒன்று உண்டு. இந்நிலங்களில் மனிதர் எங்கே? சாலையில் நடப்போர் இல்லை. விளைந்த வயலில் அறுப்போர் இல்லை. மனப்பதிவியலாருள் பிஸ்ஸாரோ உழவரையும் சந்தைப் பெண்களையும் தீட்டினார். மோனேயின் தானியப் போர்களிலோ அவற்றை அடுக்கிய கைகள் காணப்படவில்லை. இதில் ஹாக்னி மோனேயின் வழியினர். இத்தனைக்கும் அவர் இளமையில் பள்ளி விடுமுறைக் காலங்களில் இதே வோல்ட்ஸ் பகுதியில் பண்ணை வேலைக்குச் சென்று, அறுத்த கதிர்க்கட்டுகளை நிறுத்தி அடுக்கியவர்.

இன்று அறுவடை இயந்திரத்தின் வேலை. வயல் உண்மையிலேயே ஆளற்றுக் கிடக்கிறது எனலாம். அது மெய்யே. ஆனால் அவ்வெறுமைக்கு நீண்ட வரலாறு உண்டு. திக்சன்டேலின் மூன்று மரங்களுக்குச் சில மைல் தொலைவில் வாரம் பெர்சி என்னும் ஊர் இருந்த இடம் உள்ளது. கொள்ளைநோயால் நலிந்த அவ்வூரில் எஞ்சியிருந்த குடும்பங்கள், சுமார் 1500ஆம் ஆண்டளவில், ஆட்டு மந்தைகளுக்கு இடம் விடும்படி நிலவுடைமையாளரால் வெளியேற்றப்பட்டன. புல்மேடாகிவிட்ட வீடுகளுக்கிடையே இன்று எஞ்சி நிற்பது புனித மார்ட்டின் ஆலயத்தின் கூரையற்ற சுவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்லெட்மியரின் பெருநிலக்கிழார்களான சைக்ஸ் குடும்பத்தார், திறந்த மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டு உழுநிலமாக மாற்றினர். ஓவியத்தில் நம் கண்ணுக்கு இனிதாக விரியும் ஒட்டுத்துணி வயல்கள் இயற்கை வகுத்தவை அல்ல, அவ்வேலிகள் வகுத்தவை. வயலோடு வயலைச் சேர்த்து நாட்டில் தனித்து வாழ்வோரைச் சாடும் ஏசாயாவின் ஐந்தாம் அதிகாரத்தை இந்நிலத்தின்முன் வாசித்தால் அழகு சற்றே கலங்குகிறது. இக்கலக்கத்தை ஓவியங்கள் நமக்குத் தருவதில்லை; பார்ப்போரே கொண்டுவர வேண்டியுள்ளது. இவ்வளவில் டில்லிக்கின் குற்றச்சாட்டு ஒரு பகுதி நிலைத்து நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம்.

இதற்கு எதிராக ஒன்றைக் கூறலாம். யோபு 38ஆம் அதிகாரத்தில் கடவுள், மனிதர் குடியிராத நிலத்திலும் மழை பெய்விப்பதைப் பெருமையாகச் சொல்கிறார். படைப்பு மனிதருக்காக மட்டுமே இருப்பதன்று. நாம் இல்லாத இடத்திலும் அது கடவுளுக்கு உகந்ததாயிருக்கிறது. துன்புற்ற யோபுக்குக் கிடைத்த மறுமொழி விளக்கவுரையன்று; படைப்பைப் பார்க்குமாறு ஓர் அழைப்பு. ஆளற்ற நிலத்தைக் கவனித்துத் தீட்டுவது, மனிதன் தன்னையே மையமாகக் கருதும் செருக்கைத் தணிக்கவும் கூடும். இவ்விரு நோக்கையும் நாம் ஒருங்கே கைக்கொள்ளவேண்டும் என்பதே நம் கருத்து. யோபை மட்டும் கேட்போர் அயலானை மறப்பர். ஏசாயாவை மட்டும் கேட்போர் பூவைப் பார்க்க மறப்பர்.

6. மலைப்பிரசங்கம்

2012ஆம் ஆண்டுக் கண்காட்சியில் யார்க்ஷயர் நிலக்காட்சிகளோடு, வேறு வகையான ஓர் ஓவியமும் இடம்பெற்றது. நியூயார்க்கின் ஃப்ரிக் தொகுப்பிலுள்ள கிளாட் லொரேனின் 'மலைப்பிரசங்கம்', சுமார் 1656இல் தீட்டப்பட்டது. காலத்தால் இருண்டுபோன அவ்வோவியத்தை ஆராய்ந்து, அதனைப் பல வகையாக வரைந்து பார்த்த ஹாக்னி, 2010இல் 30 திரைகளில் அதற்குப் பெருவடிவம் கொடுத்தார். நடுவே நெருப்பு நிறத்தில் மலை எழுகிறது. உச்சியில் சிறு உருவங்களாக இயேசுவும் சீடரும். அடிவாரத்தில் அண்ணாந்து பார்க்கும் மக்கள். நிலக்காட்சி ஓவியர் ஒருவர் திருமறையிலிருந்து தேர்ந்துகொண்ட பொருள் இதுவாக அமைந்தது நம் சிந்தனைக்கு உரியது.

ஏனெனில் நிலத்தைப் பார்க்கும்படி இயேசு கற்பித்த இடம் அம்மலையே. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் காட்டுப் பூக்களைக் குறித்து அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல், வெறுமனே பார்ப்பதைக் குறிப்பதன்று. நன்கு கற்றுத் தேர்வதைக் குறிப்பது. பூவைக் கற்றுக்கொள்வது சீடத்துவத்தின் ஒரு பாடமாகிறது. அதே வாக்கியத்தின் தொடர்ச்சியில், அப்புல் நாளை அடுப்புக்கு எரிபொருளாகும் என்பதை இயேசு மறைக்கவில்லை. அழகும் அழிவும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இன்று இருந்து நாளை இல்லாமற்போவது என்பதால் பூ இகழப்படவில்லை. கடவுளால் உடுத்தப்பட்டது என்றே மதிக்கப்படுகிறது. 1997ஆம் ஆண்டு ஓவியங்களில் நாம் கண்டதும் இதனையொத்த ஒன்றே: நிலையாமையை அறிந்த கண், பொருளை இகழாமல் மேலும் கூர்ந்து பார்க்கிறது. ஓவியர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உடுத்துகிறவர் யார் என்பதைச் சொல்லவேண்டியது திருச்சபையின் கடமை; அக்கடமையை ஓவியரின்மேல் சுமத்தலாகாது.

2018இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹாக்னி வரைந்த கண்ணாடிச் சாளரம் திறந்து வைக்கப்பட்டது. அரசி எலிசபெத்தின் நீண்ட ஆட்சியை நினைவுகூரும் அச்சாளரத்தில் புனிதர் இல்லை, அரசியும் இல்லை. கோடையின் தொடக்கத்தில் யார்க்ஷயர் வேலிகளில் பூக்கும் ஹாத்தார்ன் என்னும் முட்செடியின் மலர்களே நிறைந்துள்ளன. ஆலயத்தில் இது போதுமா என்று கேட்டோர் உண்டு. போதாதுதான், எந்த ஓவியமும் தனியே போதாது. அதன் கீழே திருமறை வாசிக்கப்படுகிறது, பிரசங்கிக்கப்படுகிறது, அப்பம் பிட்கப்படுகிறது. அவற்றோடு சேர்ந்து நிற்கையில் முட்செடியின் பூவும் தன் பணியைச் செய்கிறது.

7. முடிவுரை

நம் ஆய்விலிருந்து அருட்பணிக்கும் இறையியல் பயிற்சிக்கும் மூன்று பயன்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, துன்பத்தின் கலைக்கு மட்டுமே இறையியல் மதிப்பு உண்டு என்னும் எண்ணத்தை நாம் திருத்திக்கொள்ள வேண்டும். சிலுவையின் இறையியல் மகிழ்ச்சியைத் தடைசெய்வதன்று. பொய்யான மகிழ்ச்சியைத் தடைசெய்வது. ஒரு மகிழ்ச்சி மெய்யானதா என்பதை, அது எதனருகே நின்று பாடுகிறது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.

இரண்டாவது, அழகைப் போற்றும்போது அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அறுவடைத் திருநாளில் ஆலயத்தை விளைபொருள்களால் அலங்கரிக்கும் நம் சபைகள், அவற்றை விளைவித்தோருடைய கூலியையும் நிலத்தையும் குறித்துப் பேசாதிருந்தால், ஆளற்ற வயலை வரைந்த குற்றம் நம்மையும் சாரும்.

மூன்றாவது, பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். நம் பிரசங்கங்களில் மரமும் பூவும் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் ஒரு கருத்துக்கு உவமையாக வந்து, கருத்து கிடைத்தவுடன் கைவிடப்படுகின்றன. மூன்று மரங்களை நான்கு பருவங்களிலும் சென்று கண்ட ஒருவரின் பொறுமை, பொருளை அதன் இயல்பில் நிறுத்திப் பார்க்க நமக்குக் கற்பிக்கிறது. திருமறைப் பகுதியை விளக்குவதற்கும் ஒரு மனிதருடைய துயரத்தைக் கேட்பதற்கும் இதே பொறுமைதான் தேவை.

நோயாளியைச் சந்திக்கச் செல்லும் அருட்பணியாளர் வழியெல்லாம் சொல்லவேண்டிய வார்த்தைகளையே தேடிச் செல்வது வழக்கம். அவ்வழியில் வயலையும் வானத்தையும் பார்த்துச் செல்வது கவனக்குறைவாகத் தோன்றலாம். ஹாக்னி தாம் கண்டதைத் தம் நண்பர் வேண்டிக்கொண்டபடியே வரைந்தார். படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கு வெளியுலகம் இன்னும் ஒளியோடிருக்கிறது என்று சொல்ல ஒருவர் தேவை. அதைச் சொல்ல வேண்டுமாயின் நாம் முதலில் அதனைப் பார்த்திருக்க வேண்டும்.